கைநாட்டு வைப்போம், வாங்க!

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான். கிள்ளான் ஜாலான் துங்கு கிளானாவில் இப்போதே கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்குப் பக்கத்திலேயே பலகாரக் கூடாரங்கள் எழுந்துவிட்டன. பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலத்துக்கு இடம் அளக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை. பிள்ளைகளுக்கோ ஒரே ஒரு கேள்வி: "ப்பா, போரடிக்குது. போன் தர்றீங்களா?"

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரும். மனைவிக்கு அன்று வேலை இருக்கும். நான் வானொலியில் அறிவிப்பாளர், எனக்கு மாலையில்தான் நிகழ்ச்சி. ஐந்து வயது மகளையும் இரண்டு வயது மகனையும் வைத்துக்கொண்டு மதியம் வரை சமாளிப்பது என் பொறுப்பு. படம் வரையத் தெரியாது. காகிதத்தில் கப்பல் செய்தால் அது மூழ்கும் கப்பலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட எனக்கும் கைகொடுத்த ஒரு கைவேலை உண்டு. கையில் வண்ணம் பூசி, தாளில் அழுத்தி எடுக்கும் கைச்சுவடு. அதைக் கொஞ்சம் திருத்தினால் மயிலாகும், விளக்காகும், தாமரையாகும்.

பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். இப்போது அது எங்கள் வீட்டுத் தீபாவளிச் சடங்குகளில் ஒன்று. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செய்முறை பிறகு.

தபாலில் போன கை

2020 தீபாவளி யாருக்கும் மறந்திருக்காது. நவம்பர் 14ஆம் தேதி. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்ததால் மாநிலம் விட்டு மாநிலம் போக முடியாது. நாங்கள் ஷா ஆலமில். என் பாட்டி, அதாவது அம்மாவைப் பெற்றவர், பேராக் தெலுக் இந்தானில் மாமா வீட்டில். மகளுக்கு அப்போது பத்து மாதம். பிறந்த புதிதில் ஒருமுறை பார்த்ததோடு சரி, கொள்ளுப்பேத்தியைப் பாட்டி மறுபடி தூக்கவே இல்லை.

வீடியோ அழைப்பில் பாட்டிக்கு நம்பிக்கை இல்லை. "கண்ணாடிக்குள்ள இருக்கிற புள்ளைய எப்படிடா கொஞ்சறது?" என்பார். அதனால் மகளின் கையில் மஞ்சள் வண்ணம் பூசி, இரண்டு தடித்த தாள்களில் பதித்தோம். ஒன்று எங்களுக்கு. மற்றொன்றை வாழ்த்து அட்டையாக்கித் தபாலில் அனுப்பினோம். அட்டை கிடைத்த அன்று மாமா போன் செய்தார். பாட்டி அந்தக் குட்டிக் கையின் மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 18, சனிக்கிழமை. அப்போது நாங்கள் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வாடகைக்கு இருந்தோம். அன்று பெய்த மழையும் அதற்குப் பின் வந்த வெள்ளமும் இந்த வட்டாரத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது சோபா, பீரோ, கல்யாண ஆல்பம் எல்லாம் சேறு. மகளின் கைச்சுவடு இருந்த கோப்பைத் திறந்தேன். தாள் கூழாகியிருந்தது. நீரில் கரையும் போஸ்டர் வண்ணம், கரைந்துபோய்விட்டது. மஞ்சள் கறை மட்டும் மிச்சம்.

பொருள்களுக்காக அழாத என் மனைவி அதற்காக அழுதார். சோபா வாங்கலாம். பத்து மாதத்துக் கையை எந்தக் கடையில் வாங்குவது?

பிறகுதான் நினைவு வந்தது, தெலுக் இந்தானில் ஒன்று இருக்கிறதே என்று. போன் போட்டால், பாட்டி அதைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி: ஒவ்வொரு தீபாவளிக்கும் கை பதிப்போம். எதைச் செய்தாலும் இரண்டாகச் செய்வோம். ஒன்று நமக்கு, மற்றொன்று வேறொரு வீட்டுக்கு.

என்னென்ன வேண்டும்?

பெரிய செலவில்லை. தடித்த வரைதாள் அல்லது நீர்வண்ணத் தாள். சாதாரண அச்சுத் தாள் ஈரத்தில் சுருண்டுவிடும். குழந்தைகளுக்கென்றே விற்கும், கழுவினால் போகும், நச்சில்லாத விரல் வண்ணம் அல்லது போஸ்டர் வண்ணம். பூசுவதற்கு அகலமான தூரிகை அல்லது பாத்திரம் கழுவும் பஞ்சில் ஒரு துண்டு. பழைய செய்தித்தாள், ஈரத்துணி, ஒரு வாளித் தண்ணீர். அலங்காரத்துக்கு ஜிகினா, பொட்டு, ஒட்டுக்கல். கிள்ளான் கடைகளில் புடவை எடுக்கப் போகும்போதே இவற்றையும் வாங்கிவிடலாம்.

சுவருக்கு அடிக்கும் பெயிண்ட், எண்ணெய் வண்ணம் இரண்டும் பிள்ளைகள் கைக்கு ஆகாது. அதைப் போக்கத் தின்னர் தேய்ப்பது அதைவிட மோசம். தோல் ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால், முதல் நாளே மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். ஆரத்தி நிறம் வேண்டுமென்று மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து கையில் பூசவும் வேண்டாம். நிறம் அழகாகச் சிவக்கும், ஆனால் சுண்ணாம்பு பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும்.

முக்கியமான சூட்சுமம் ஒன்று. வண்ணத்தைத் தட்டில் ஊற்றிக் கையை முக்காதீர்கள். அப்பிக்கொள்ளும் வண்ணம் விரல்களுக்கு இடையில் வழிந்து, சுவடு வாத்துக் கால் மாதிரி வரும். மெல்லியதாகப் பூசுங்கள். தாளின் கீழே மடித்த துணி ஒன்றை வையுங்கள், உள்ளங்கைக் குழி அப்போதுதான் தாளில் படும். கையை வைத்ததும் ஒவ்வொரு விரலாக அழுத்தி, பிறகு நேராக மேலே தூக்குங்கள். இழுக்கக் கூடாது.

மயில்

உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நீலம், மற்ற நான்கு விரல்களுக்கும் பச்சை. விரல்களை நன்றாக விரித்து அழுத்துங்கள். கட்டைவிரல்தான் கழுத்தும் தலையும். நான்கு விரல்கள் தோகை. காய்ந்ததும் கட்டைவிரல் நுனியில் கண், அலகு, கொண்டை வரையலாம். உள்ளங்கைக்குக் கீழே இரண்டு கோடு, கால்கள். பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு மஞ்சள் பொட்டு, அதன் நடுவில் சிறிய நீலப் பொட்டு. தோகைக்குக் கண் திறந்துவிட்டது. மகள் சென்ற ஆண்டு தன் மயிலுக்கு மூக்குத்தியும் வைத்தாள். மயிலுக்கு மூக்குத்தி உண்டா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

விளக்கு

உள்ளங்கைக்கு மண் நிறம், நான்கு விரல்களுக்கு மஞ்சள், நுனிகளில் கொஞ்சம் சிவப்பு. கட்டைவிரலில் பூச வேண்டாம், அதைத் தாளில் படாமல் தூக்கிப் பிடியுங்கள். விரல்கள் மேல்நோக்கி இருக்கும்படி அழுத்தினால், ஓர் அகலில் நான்கு சுடர்கள். கறுப்பு அல்லது கரும் ஊதா அட்டையில் செய்தால் சுடர் இன்னும் எடுப்பாக இருக்கும். வாழ்த்து அட்டைக்கு இதைவிட எளிதான படம் கிடையாது.

குடும்பத் தாமரை

பெரிய தாளின் நடுவில் ஒரு சிறு வட்டம் போடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் வட்டத்தைத் தொட, விரல்கள் வெளியே பார்க்க, வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு நிறத்தில் கை பதியுங்கள். எட்டுக் கை இருந்தால் வட்டம் நிறையும். நான்கு பேர் மட்டும் என்றால் இரண்டு கைகளையும் பதிக்கலாம். இன்னொரு வகையும் உண்டு. அப்பாவின் கையை வெளிர் நிறத்தில் முதலில் பதித்து, காய்ந்ததும் அதன்மேல் அம்மாவின் கை, அதன்மேல் பிள்ளையின் கை. கடைசி நிறம் அடர்த்தியாக இருக்கட்டும். மூன்று கை ஒன்றுக்குள் ஒன்று அடங்கி நிற்கும்.

கையில் வண்ணம் படப் பிடிக்காத பிள்ளைக்கு

சில பிள்ளைகளுக்குக் கை பிசுபிசுத்தாலே அழுகை வந்துவிடும். கட்டாயப்படுத்த வேண்டாம். பிள்ளை வெறும் கையைத் தாளில் வைத்துக்கொள்ளட்டும். பழைய பல்துலக்கியை நீர்த்த வண்ணத்தில் தோய்த்து, அதன் தூவியை உங்கள் விரலால் பின்னோக்கி வருடினால் தூறல் மாதிரி வண்ணம் தெறிக்கும். முகத்திலும் கண்ணிலும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையை எடுத்தால் அதைச் சுற்றி நிறம், நடுவில் வெள்ளைக் கை.

இது ஏதோ பாலர் பள்ளிக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்தில், இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில், மாரோஸ் வட்டாரக் குகைகளில் இதே முறையில் பதித்த கைகள் இருக்கின்றன. பாறையில் கையை வைத்து, சுற்றிலும் செங்காவி நிறத்தை ஊதியிருக்கிறார்கள். லியாங் திம்புசெங் என்ற குகையில் உள்ள ஒரு கைக்குக் குறைந்தது 39,900 வயது என்று 2014இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் தான் இருந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நம் வீடுகளிலும் இந்தப் பழக்கம் உண்டுதான். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை கண்ணன் நடந்து வரும் சின்னப் பாதங்களைப் பாட்டிமார் எதைக் கொண்டு போடுகிறார்கள்? முஷ்டியை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து அழுத்தினால் பாதம். விரல் நுனியால் மேலே ஐந்து பொட்டு வைத்தால் கால்விரல்கள். இதைக் கறுப்பு அட்டையில் செய்யச் சொல்லிப் பாருங்கள். கை எப்படிக் கால் ஆனது என்று பிள்ளைகள் அதிசயிப்பார்கள்.

கைக்குழந்தை விரலை விரிக்காதே?

உண்மை. பிறந்த முதல் சில மாதங்களுக்குக் குழந்தைகள் தொட்டதை இறுகப் பிடித்துக்கொள்ளும். அது இயற்கை. பால் குடித்து அசந்திருக்கும் நேரம் பாருங்கள். புறங்கையை மெல்ல வருடினால் விரல்கள் தானாக விரியும். ஒருவர் கையைப் பிடிக்க, மற்றவர் தாளைக் கையிடம் கொண்டு போக வேண்டும். கையைத் தாளிடம் கொண்டு போனால் குழந்தை தாளைக் கசக்கிவிடும். பதித்த அடுத்த நொடியே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் கை நேராக வாய்க்குத்தான் போகும். அதுவும் சரிவரவில்லை என்றால் பாதத்தைப் பதியுங்கள். இரண்டு பாதங்களைக் குதிகால் ஒட்டி வைத்தால் வண்ணத்துப்பூச்சி.

பாட்டியின் கை

சென்ற ஆண்டு தீபாவளிக்குத் தெலுக் இந்தான் போயிருந்தோம். மாமா வீட்டு ஐந்தடியில் தாள்களைப் பரப்பி, எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகக் கை பதித்தார்கள். மகள் பாட்டியிடம் ஓடினாள். "பூட்டி, நீங்களும் வைங்க."

பாட்டி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "என் கை எதுக்கும்மா? நான் கைநாட்டு வச்சவ."

பாட்டிக்கு இப்போது 83 வயது. இன்று நாம் ஷா ஆலம் என்று சொல்லும் இந்த நகரம் எழுவதற்கு முன் இங்கே ரப்பரும் செம்பனையும்தான். இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர் அவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கிராணியார் நீட்டும் தாளில் மைதொட்டுப் பெருவிரல் வைத்தே சம்பளம் வாங்கினார். கைநாட்டு என்ற சொல் நம்மிடையே வசையாகவே மாறிப்போனது. அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் முன்னால் அவர் அறுபது ஆண்டு கூனிக் குறுகி நின்றிருக்கிறார்.

அதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. அடையாள அட்டையில் பெருவிரல் ரேகையைச் சரிபார்க்கும் காலம் வந்தது. ஒருமுறை முகப்பிடம் ஒன்றில் பாட்டி பெருவிரலை வைக்கிறார், கருவி ஏற்கவில்லை. துடைத்து வைக்கிறார், ஏற்கவில்லை. கத்தி பிடித்தும், வாளி தூக்கியும், பாலை உறைய வைக்கும் அமிலத்தில் புழங்கியும் ரேகை தேய்ந்துவிட்டது. கையெழுத்தும் தெரியாது, கைநாட்டும் பதியவில்லை என்றால் நான் யார் என்று அன்று கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கையைத்தான் மகள் இழுத்து வைத்து, பச்சை வண்ணம் பூசினாள். பாட்டி வெட்கப்பட்டுச் சிரித்தார். தாளில் அழுத்தி எடுத்தோம்.

விரல் நுனிகள் கோடில்லாமல் வழவழவென்று வந்தன. உள்ளங்கைக் கோடுகள் மட்டும் ஆழமாக, தெளிவாக. ஆள்காட்டி விரலுக்குக் கீழே வண்ணம் படாமல் பிறை வடிவில் ஓர் இடைவெளி.

"பூட்டி, இங்க ஏன் வெள்ளையா இருக்கு?"

முப்பது வருடமாக அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றவன் நான். ஒரு நாளும் அதை நான் கேட்டதில்லை. பாட்டி சொன்னார். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. விடியாத நேரம், தலையில் விளக்கு, மழை பெய்து மரம் வழுக்கியிருந்தது. கத்தி நழுவிக் கையில் இறங்கியது. முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மிச்சமிருந்த நிரையையும் வெட்டி முடித்தாராம். பாதியில் விட்டால் அன்றைய பேர் முழுசாக விழாதே. என் அம்மாவுக்கும் மாமாவுக்கும்கூட அது புதுக் கதை. ஐந்தடியில் யாரும் பேசவில்லை.

மகள் மட்டும் பென்சிலை எடுத்தாள். பாலர் பள்ளியில் எழுத்து கற்றுக்கொண்டிருந்த நேரம். நான் சொல்லச் சொல்ல, பாட்டியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அந்தக் கைக்குக் கீழே எழுதினாள். ஓர் எழுத்து திரும்பிக்கொண்டது. பாட்டி அந்தத் தாளை வாங்கி, பெயரின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இதுவும் கைநாட்டுதான்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தாளுக்கு அவராகவே கையை நீட்டினார்.

வாசகர்களே, பிள்ளைகளின் கை வளரும் என்று அவசர அவசரமாகப் பதிக்கிறோம். வீட்டுப் பெரியவர்களின் கைக்கும் காலம் காத்திருப்பதில்லை. அவர்கள் கையில் உள்ள ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு கதை இருக்கும். நேராகப் போய்க் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பார்கள். ஒரு பிள்ளை வண்ணம் பூசிக்கொண்டே கேட்டால் சொல்லிவிடுவார்கள். வானொலியில் பேட்டி எடுத்துப் பழகிய நான், என் பாட்டியிடம் கேட்கத் தவறிய கேள்வியை நாலரை வயதுப் பிள்ளை கேட்டது.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

வெள்ளத்தில் கற்ற பாடங்கள் இவை. முதலாவது, பெயர், தேதி, வயது மூன்றையும் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும், பென்சில் ஓடாது. இரண்டாவது, வண்ணம் ஒருநாள் முழுக்கக் காயட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அவசரப்பட்டு உறைக்குள் போட்டால் பூஞ்சை பிடிக்கும். மூன்றாவது, காய்ந்ததும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, கைப்பேசியில் மட்டும் வைக்காமல் இன்னோர் இடத்திலும் சேமியுங்கள். நான்காவது, பிளாஸ்டிக் உறையிலிட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். கீழ் இழுப்பறை வேண்டாம். ஐந்தாவதாக எங்கள் வீட்டு விதியையே சொல்கிறேன்: ஒரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

நம் நாட்டில் பிள்ளைக்கு 12 வயதானால் மைகாட் எடுக்கப் பெருவிரல் ரேகை கேட்பார்கள். அது அரசாங்கத்தின் கணக்கு. அதற்கு முன்னால் உள்ள பன்னிரண்டு தீபாவளியும் நம் கணக்கு. ஆண்டுக்கு ஒரு தாள் என்றால் பன்னிரண்டு தாள். அவ்வளவுதான்.

இந்தத் தீபாவளிக்கும் தெலுக் இந்தான் போகிறோம். பாட்டிக்கு இப்போது கை நடுங்குகிறது. சுவடு கலைந்துதான் வரும் என்று மாமா சொல்கிறார். வரட்டும். கலைந்து வந்தாலும் அது இந்த வருடத்துக் கைதானே. மகளுக்கு இப்போது எழுத்து திரும்பிக்கொள்வதில்லை. பாட்டியின் பெயரை யார் உதவியும் இல்லாமல் எழுதிக் காட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பச்சை வண்ணம் வாங்கி வைத்தாயிற்று. நீங்கள்?